திருப்புளி வழியாகக் கேட்ட சத்தம்

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பரசுராமன் தொட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, பழைய தண்ணீரை வாளியில் இறக்கினார். மகள் எழில்மொழி அதைத் தூக்கிப் போய்க் கொட்டினாள். புதுத் தண்ணீர் கேனில் இருந்தது. காசிமேட்டு விசைப்படகில் டிரைவராக இருக்கும் தாவூது, நடுக்கடலில் மொண்டு வந்து தருவார்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டின் முன்னறையில் பாதியை அந்தத் தொட்டி அடைத்திருந்தது. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள். பெரியது பெண், பெருசு என்பார். சிறியது ஆண், சிறுசு. பெருசு தாடையைத் தட்டி, டொக் டொக் என்று சத்தம் எழுப்பிச் சிறுசைத் துரத்தும். சிறுசு உடம்பை நடுக்கிக்கொண்டு மெல்லப் பதில் சொல்லும்.

அதைக் கேட்டவர் பரசுராமன் என்பதுதான் விசேஷம். பதினேழு வயதில் கப்பல் தகட்டில் துருவைச் சுத்தியலால் கொத்தும் வேலைக்குப் போனவர். பிறகு இருபத்தாறு வருடம் மணலியில் பம்ப் ஹவுஸ் ஃபிட்டர். குக்கர் விசில் காதில் விழாது. கனத்த சத்தம் மட்டும் விழும், இரும்பு வழியாக வந்தால் இன்னும் தெளிவாக. பேரிங் கெட்டதா என்று பார்க்க, ஓடுகிற பம்பில் நீளமான திருப்புளியின் முனையை வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துவார். பழைய காலத் திருப்புளி அது. இரும்புத் தண்டு மரப்பிடியைத் துளைத்துக்கொண்டு மறுமுனை வரை போகும். ஓய்வு பெற்ற பிறகு அதே திருப்புளியை மீன் தொட்டிக் கண்ணாடியில் வைத்தார்.

"இன்னா நைனா சொல்றாங்க?" என்று எழில்மொழி காதருகே கத்திக் கேட்பாள்.

"பெருசு மேனேஜரு. கத்திகினே கீது. சிறுசு, 'சரிங்க சார், சரிங்க சார்'னு ஒடம்ப ஆட்டுது. இருவத்தாறு வருசம் நான் பார்த்த வேல."

அந்த ஞாயிறு அவர் சிரிக்கவில்லை.

"பேச்சையே காணோம் எழிலு. கர்ருனு ஒண்ணு கேக்குது. அதுல இவங்க அமுங்கிப் பூட்டாங்க."

"உள்ள போட்டுகீற மோட்டாரு நைனா."

"மோட்டாரு சத்தம் எனக்குத் தெரியாதா? இது வேற."

எழில்மொழி எண்ணூர் பக்கம் ஒரு மின் நிலையத்தில் இயந்திர அதிர்வுகளை அளக்கும் பொறியாளர். பையிலிருந்து மீட்டரை எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். நூறு ஹெர்ட்ஸ்.

"கரண்ட்ல ஓடுற எல்லா மோட்டாருக்கும் இருக்கறதுதான். நார்மல்."

"உன் பொட்டி சொன்னா சரிதாம்மா."

அதே பையில் கரண்ட் டெஸ்டரும் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

செவ்வாய் மதியம் பக்கத்து வீட்டுத் தாயம்மா கிண்ணம் திருப்பித் தர வந்து, தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். தொட்டியின் மூடி திறந்திருந்தது. திருப்புளியின் முனை தண்ணீருக்குள் மோட்டாரைத் தொட்டபடி இருந்தது. ஈரத் தரை, வெறுங்கால். கண்ணாடியில் சத்தம் தெளிவாகக் கிடைக்காமல், மோட்டாரிலேயே வைத்துக் கேட்டிருக்கிறார். பிளக்கைப் பிடுங்கவில்லை. எந்த ஃபிட்டரும் பிடுங்க மாட்டான். நின்றுபோன மெஷினில் கேட்பதற்கு எதுவும் இல்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் எழில்மொழி மோட்டாரைப் பிரித்தாள். உறையில் தலைமுடி அளவு விரிசல். செம்புக் கம்பிச் சுற்றில் பச்சைப் பாசியாய் உப்பு. மீன்கள் சாகவில்லை. தொட்டித் தண்ணீர் முழுக்க ஒரே மின்னழுத்தம். அதில் மிதப்பவைக்கு ஒன்றும் தெரியாது. தரையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். மீன்கள் பேச்சை நிறுத்தினவா, அந்தக் கர்ருக்குள் அமுங்கினவா, அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் கேட்டது மோட்டாரின் சாதாரணச் சத்தம் இல்லை. அவர் சொன்னது சரி. அவள் சொன்னது தப்பு.

காற்றுக் குமிழி விடும் சின்னப் பம்பு மட்டும் தொட்டியில் ஓடியது. அதை ஒரு நிமிடம் நிறுத்தி, திருப்புளியைக் கண்ணாடியில் வைத்துப் பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்தினாள். அதுவரை ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. அவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு சரி.

டொக் டொக். டொக். கொஞ்சம் பொறுத்து, மெல்லிசாக ஒரு நடுக்கம்.

அப்போது அப்பாவின் போன் அடித்தது. தாவூது. ஒரு வாரமாகக் கடலில் இருந்தவர். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"யோவ் செவுட்டு மாமு! போன எடுக்க இவ்ளோ நேரமா? ரெண்டு கேனு எடுத்தாந்துகீறேன், தண்ணி கண்ணாடியாட்டம் கீது. ஐஸ் கம்பெனி ஓரமா வச்சிகீறேன். சீக்கிரம் வா, எவனாவது கவுத்துட்டுப் பூடுவான்... மாமு? கேக்குதா?"

எழில்மொழி சொன்னாள்.

கேன்கள் இன்னும் காசிமேட்டில் ஐஸ் கம்பெனிச் சுவரோரம் நிற்கின்றன. இரண்டிலும் நீலப் பெயின்டில் 'பரசு' என்று எழுதியிருக்கிறது.