மணல் திட்டைப் பார்க்க வந்த எம்.எல்.ஏ.க்கள்

வாய்க்கால் கரையோடு கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். விட்டு வந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர் ஒன்றை. அங்கே நெல் முற்றி நின்றது. கூலி உயர்வு கேட்ட நாங்கள் ஒரு வரப்பிலும், மிராசுதார் வெளியூரிலிருந்து இறக்கிய ஆட்கள் எதிர் வரப்பிலும் நின்றோம். நடுவில் போலீஸ். முதுகில் ஒரு லத்தி அடி வாங்கியிருந்தேன். வேலையில்லாத ஊரில் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார எனக்கு வராது. எட்டாம் வகுப்பையும் இப்படித்தான் பாதியில் விட்டு நடந்தேன்.

மத்தியானம் கடற்கரையில் இருந்த சர்க்கார் துறைமுகத்தை அடைந்தேன். போனதும் வேலை கிடைத்தது. வழியோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மறுநாள் சட்டசபைக் குழு பார்வையிட வருகிறதாம்.

கப்பல்கள் கடலில் தள்ளித்தான் நிற்கும். சரக்கை ஆற்று முகத்துவாரம் வழியாகப் படகில் ஏற்றி வர வேண்டும். முகத்துவாரம் தூர்ந்து மணல் திட்டாகிவிட்டது. மண் வார அரசு பணம் ஒதுக்காவிட்டால் வேறு துறைமுகம் பார்ப்பதாகக் கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

என்னோடு சுண்ணாம்பு அடித்தவர் ஒரு தண்டல். சரக்குப் படகை நடத்துகிறவர்.

"மண்ண வாரலன்னா நானும் ஒன்னய மாதிரி கெளம்பவேண்டியதுதான் தம்பி. ஆனா எனக்குத் தரையில நடந்து பழக்கமில்ல" என்றார்.

துறைமுக அதிகாரி நல்ல மனிதர். விருந்தாளிகளுக்குக் குறை வைக்கக் கூடாது என்று, கடல் நீர் ஏறி நிற்கும் காலை வேளையாகப் பார்த்து வரவழைத்திருந்தார். மறுநாள் தோரணம், மாலை, இளநீர். கொடி கட்டிய படகுகள் தெப்பம் மாதிரி வரிசையாக உள்ளே வந்தன. திட்டு தண்ணீருக்கடியில் சுகமாகக் கிடந்தது.

"அருமையா இருக்கேய்யா! இதுல எதுக்கு மண்ணு வார்றது?" என்றார் குழுத் தலைவர். பருத்த மனிதர், ஆளும் கட்சி.

"மனுவுல எல்லாம் விவரமா இருக்குங்க ஐயா" என்று அதிகாரி ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். தலைவர் அதைத் திறக்காமலே பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். தண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அதிகாரியிடம் போனேன். "சார், எங்க ஊருக்குத் தாசில்தாரு வெள்ளச் சேதம் பாக்க வந்தா, அவரு பாத்துட்டுப் போறவரைக்கும் வடிகாலத் தெறக்கமாட்டோம். நீங்க தண்ணி ஏறுன நேரமா பாத்து, திட்ட மறைச்சுல்ல காட்டுறீங்க?"

அவர் என்னை முறைத்தார். தண்டலுக்குப் பிடிபட்டது. "மூணு மணிக்குத் தண்ணி நல்லா வத்திரும் சார். அதுவரைக்கும் புடிச்சு வைங்க."

"எம்.எல்.ஏ.வ எப்படிய்யா புடிச்சு வைக்கிறது?"

"வஞ்சிரம் இருக்கு சார்."

குழம்பும் வறுவலும் வேலையைச் சரியாகச் செய்தன. தலைவர் அதிகாரியின் நாற்காலியிலேயே ஒரு தூக்கம் போட்டார். மூன்று மணிக்கு எல்லோரையும் மூட்டை ஏற்றிய படகில் கடல் காற்று வாங்கக் கூட்டிப் போனோம். முகத்துவாரத்தில் படகு தட்டி நின்றது.

"என்னய்யா, நின்னுபோச்சு?"

"தெனமும் இங்கதாங்க நிக்கும். எறங்கித் தள்ளணும்" என்றார் தண்டல்.

தலைவர் நம்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். ஆற்றின் நட்ட நடுவில் தண்ணீர் அவர் கெண்டைக்காலைத்தான் தொட்டது. முதலில் சிரித்தவர் அவர்தான். படகில் இருந்த எதிர்க்கட்சி உறுப்பினரைப் பார்த்து, "எங்க ஆட்சியத் தள்ளணும்னு துடிக்கிறீங்கள்ல? மொதல்ல எறங்கி இதத் தள்ளுங்க" என்றார். அவரும் இறங்கினார். இரண்டு கட்சியும் சேர்ந்து தள்ளியும் படகு அசையவில்லை.

கரைக்கு நடந்தே வந்தோம். தலைவர் காலைத் துடைத்தபடி கேட்டார்: "தண்ணி வத்தறப்ப எவ்வளவு ஆழம்னு தெனமும் எழுதி வச்சிருக்கீங்களா?"

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். அதில் இருந்ததெல்லாம் நீர் ஏறிய நேரத்து அளவு.

"ஒரு மாசம் அளந்து அனுப்புங்க. அது கையில இருந்தாத்தான் நான் சபையில வாயத் தெறக்க முடியும்."

மறுநாள் காலை, அளக்க ஆள் தேடினார்கள். தண்ணீரில் நாள் முழுக்க நிற்க வேண்டும், எண் எழுதவும் தெரிய வேண்டும். நாற்று நட்ட காலும் ஏழாம் வகுப்புப் படிப்பும் அதற்குப் போதுமாக இருந்தன. கோடு போட்ட மூங்கில் கழியோடு திட்டில் போய் நின்றேன். முதல் அளவை "முழங்காலுக்குக் கீழே" என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி அதைத் திருப்பிக் கொடுத்து, கழியைப் பார்த்து எழுதச் சொன்னார்.