நியூ மோல்டனில் நான் எடுத்த கோப்பை

லண்டன் நியூ மோல்டனில் இருந்த கொரியன் கோப்பிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாளே ஒரு கலியாணத்தைத் தெரியாமல் குழப்பப் பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அதற்கு முன் லண்டன் நடுவில், விக்டோரியாவில் ஒரு சாண்ட்விச் கடையில் இரண்டு வருடம். அங்கே மனேஜர் எனக்குப் படிப்பித்தது ஒன்றே ஒன்று: ஆறின கோப்பையைக் கண்டால் எடு, மேசையைத் துடை. அது கையில் ஊறிவிட்டது.

கொரியன் கடை முதலாளி திருமதி பாக். அவரது ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அரைகுறை என்பதால் நன்றாகவே விளங்கிக்கொண்டோம். அவர் சொன்னதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"கோப்பித்தூள் ரெண்டு கரண்டி, கிரீம் பவுடர் ரெண்டு, சீனி ரெண்டு. மாத்தக் கூடாது. கொரியாச் சண்டைக் காலத்தில அமெரிக்க ஆமிக் காம்பில இருந்து எங்கட சனத்திட்டை வந்த தூள் இது. மருந்து மாதிரிக் கசந்தது. சீனியும் கிரீமும் போட்டு எங்கடையா ஆக்கிட்டம். வீடுகள் சின்னன். ஆக்களைச் சந்திக்கிறதெண்டா கோப்பிக்கடைதான்."

காலையில் வரும் வயதானவர்களுக்குக் கோப்பிக்குள் முட்டை மஞ்சட்கருவும் விடவேண்டும். கண்ணை மூடிக்கொண்டுதான் விட்டேன்.

பின்னேரங்களில் கடைக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருக்கும். விளங்காத மொழியில் ஒரு பழைய பாட்டு ஓடும். வருகிறவர்கள் ஒரு கோப்பியோடு மூன்று மணி நேரம் இருப்பார்கள். லண்டனில் அப்படி ஓர் இடம் இருந்தது என்றால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. அந்த நேரம் என் மனம் எனக்குப் பேசிவைத்த வதனியிடம் போய்விடும். அவள் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தாள்.

அந்த நாலாம் நாளும் அவளை நினைத்தபடிதான் நின்றேன். மூலை மேசையில் நீல டை கட்டிய ஓர் இளைஞர் இரண்டு மணியிலிருந்து தனியே இருந்தார். கோப்பையில் ஒரு வாய் கோப்பி மிச்சம். நாலு மணிக்கு என் கை அதை எடுத்து மேசையைத் துடைத்தது. அவர் வெறும் மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து, எனக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, மழைக்குள் போய்விட்டார்.

அடுத்த ஐந்தாவது நிமிடம் ஒரு பெண் தொப்பலாக நனைந்து ஓடிவந்தாள். ரயில் நடுவழியில் நின்றுவிட்டதாம்.

திருமதி பாக் குசினியிலிருந்து வந்தார். "மிஸ்டர் கிம் எங்கை?"

"போயிட்டார். நான் மேசையைத் துடைச்சனான்."

"கோப்பையையும் எடுத்தனீரோ?"

"ஓம்."

அவர் முகம் வெளிறிவிட்டது. "பொம்பிளை பாக்க வந்த ஆள். நாளைக்குக் காலமை சியோல் போறார். கோப்பை இருக்குமட்டும் எவ்வளவு நேரமும் இருக்கலாம். நீர் அதை எடுத்தா, எழும்பிப் போ எண்டு சொன்ன மாதிரி!"

அந்தப் பெண் நனைந்த கைப்பையைப் பிடித்தபடி நின்றாள். வதனியும் விசா அலுவலக வாசலில் இப்படித்தான் நிற்பாள் என்று நினைத்தேன்.

இன்னும் கழுவாமல் கிடந்த அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில் அவர் நின்றார். ரயிலும் வந்துகொண்டிருந்தது.

"சேர், என்ர பிழை. உங்கட கோப்பி இன்னும் முடியேல்லை. அவ வந்திட்டா."

அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். ரயில் அவரை ஏற்றாமலே போனது.

அவரோடு கடைக்குத் திரும்பி வந்து அவர்களுக்குப் போட்ட கோப்பியில் அவசரத்தில் சீனி கூடிவிட்டது. இருவரும் குறை சொல்லவில்லை. கடை பூட்டும்வரை அந்த மேசைப் பக்கமே நான் போகவில்லை. புது இடத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் சொல்கிறேன்: எதை எடுக்கக்கூடாது என்று முதல் நாளே கேளுங்கள்.

அடுத்த வருடம் வதனிக்கு விசா கிடைத்தது. விமானம் ஹீத்ரோவில் இறங்கி மூன்று மணி நேரமாகியும் அவள் வெளியே வரவில்லை. உள்ளே குடிவரவு அதிகாரிகள் விசாரிக்கிறார்களாம். திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். நான் விமான நிலையக் கோப்பிக்கடையில் வெறுங்கோப்பையோடு இருந்தேன். மேசை துடைக்க வந்த பஞ்சாபி அம்மா அதை எடுக்கக் கை நீட்டினார்.

"எடுக்காதேங்கோ. ஆள் வரவேணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவருக்கு என்ன விளங்கியதோ, கோப்பையை விட்டுவிட்டு அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார். வதனி வந்தபோதும் அது அங்கேயே இருந்தது.