அரைத் தலைக்கட்டு

பிள்ளைகளா, போன மாதம் நம் தெருச் சங்கக் கூட்டத்தில் நடந்ததை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். "ஒங்கம்மா சண்ட போட்டுச்சாமே" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்றீர்கள். நான் அங்கே இருந்தவன். எட்டாவதோடு படிப்பை விட்டவன்; என் எழுத்தில் பிழை இருக்கும், சொல்வதில் இருக்காது.

நாம் இருளர். நமக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்காததால்தான் உங்கள் பெரியக்கா நர்ஸ் படிப்பில் சேர முடியாமல் துணிக்கடையில் நிற்கிறாள். அதற்காக அலைந்தது யார்? நான் தட்டாஞ்சாவடிப் பட்டறையில் கிடந்தேன். உங்கள் அம்மாதான் சின்னம்மாவையும் தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் சான்றிதழ் கொடுக்கிற ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்தாள். "போய் ஆம்பளைங்கள வரச் சொல்லு" என்றாராம் அங்கே ஒருவர். "பாம்பு புடிக்க மட்டும் எங்க தெருவுக்கு ஓடியாறீங்க, பேப்பரு கேட்டா ஆம்பள வேணுமா?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். அதற்கப்புறம்தான் மேலதிகாரி இறங்கி வந்தார். சங்கத் தலைவர் என்று ஒருவர் வரட்டும், உட்கார்ந்து பேசலாம் என்றார்.

பழைய தலைவர் இறந்துபோய்விட்டதால் புதியவரைத் தேர்ந்தெடுக்க ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மன் கோயில் முன்னால் கூடினோம். சின்னம்மா உங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னாள்.

செயலாளர் எனக்குப் பெரியப்பா முறை. "அது விழுப்புரம் பக்கத்துப் பொண்ணாச்சே, வெளியூரு" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. உங்கள் அம்மா பிறந்தது ஏரிக்கு அந்தக் கரையில். நடுவில் கோடு போட்டவர்கள் அந்தக் கரையை ஆண்ட இங்கிலீஷ்காரனும் நம் கரையை ஆண்ட பிரெஞ்சுக்காரனும். நம் ஆட்கள் அதற்கு முன்பே இரண்டு கரையிலும் எலி பிடித்தவர்கள்.

அம்மா சிரித்தாள். "நான் வெளியூரா மாமா? ஒங்க ஆயா எங்கேருந்து வந்துச்சாம், பாரீசுலேருந்தா?"

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தலைக்கட்டுக்கு ஒரு கை. எவ்ளோ வருதுன்னு எண்ணிப்புடலாம்" என்றார்.

தலைக்கட்டு என்பது கோயில் வரிக்காக ஏற்பட்ட கணக்கு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. புருஷன் செத்துப்போனவள் அரை. புருஷன் இருக்கிறவள் கணக்கிலேயே இல்லை. வரி குறையட்டும் என்று யாரோ இரக்கப்பட்டு வைத்த அந்த அரையை, இவர்கள் ஓட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

புருஷனை இழந்து தனியாகப் பிள்ளை வளர்க்கிற சின்னம்மா கை தூக்கினாள்.

"நீ அரை. ஒன்ன எப்படி எண்றது?" என்றார் பெரியப்பா.

சின்னம்மா இரண்டு கையையும் தூக்கினாள். "அரையும் அரையும் சேத்து ஒண்ணா எண்ணிக்க!"

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏன்டா ரகள? நீயே நில்லு. பேரு ஒன்னுது, வேலைய அது பாக்கட்டும். ஒரே ஊடுதான?"

அதுதான் நியாயம் என்று எல்லா ஆண்களும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"வெயில்ல உக்காந்தது நான் இல்ல. நான் நிக்க மாட்டேன். எங்க ஊட்டுக் கை அவளுது, அவ தூக்குவா" என்றேன்.

"பொண்டாட்டி எழுதிக் குடுத்துச்சாடா?" என்று எவனோ கத்தினான்.

அம்மா கை தூக்கினாள். அவள் பின்னால் எல்லாப் பெண்களும் தூக்கினார்கள். "புருஷன் உசுரோட இருக்கசொல்ல பொம்பள கையா?" என்று பெரியப்பா ஒரு கையைக்கூட எண்ணவில்லை; சின்னம்மாவின் அரையையும் விட்டுவிட்டார். ஆபீஸ் வாசலை ஒரு நாளும் மிதிக்காத, பெரியப்பாவின் தம்பி மகனுக்கு மாலை போட்டுக் கைதட்டினார்கள்.

அந்த ஆபீஸில் பேசப் போகிற அன்று காலையில் அந்தத் தலைவர் இஸ்திரி போட்ட சட்டையோடு நம் வாசலில் வந்து நின்றார். "அண்ணி, நீயும் வா. நான் முன்னால குந்திக்கிறேன், நீ பின்னாலேருந்து எடுத்துக் குடு."

நான் விரட்டியிருப்பேன். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "வர்றேன். மொதல்ல கூட்டத்தப் போட்டு, ஆம்பளையோ பொம்பளையோ ஆளுக்கு ஒரு கைன்னு சொல்லு. மறுபடி எண்ணு. நான் தோத்தாலும் வர்றேன்."

"ஆம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க அண்ணி."

"அப்ப அவுங்களையே கூட்டிக்கினு போ."

போனார். அதிகாரி கேட்ட எதற்கும் அவரிடம் பதில் இல்லை. இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது தெருவே அம்மாவைத்தான் திட்டுகிறது. வீம்பு பிடித்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டாளாம். அவள் கையை எண்ணாதவனுக்கு அவள் வாய் மட்டும் எதற்கு? ஒருவனாவது அதைக் கேட்டானா?

நீங்களும் கேட்டீர்கள், அம்மா போயிருந்தால் அக்காவுக்குப் பேப்பர் கிடைத்திருக்குமே என்று. அதையேதான் நான் அன்று சாயங்காலம் பெரியக்காவிடம் கேட்டேன். நாளெல்லாம் நின்ற கால் வீங்கியிருந்தது. தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"எண்ணட்டும்பா. அதுக்கப்புறம் அம்மா போவட்டும். அதுவரைக்கும் நான் கடையிலேயே நிக்கிறேன்."