பூவம்மாள் சொன்ன மூன்று பெயர்கள்

கே.ஜி.கண்டிகையில் யார் செத்தாலும் பூவம்மாளுக்கு ஆள் வரும். நாற்று நட்டுக்கொண்டிருந்தால் சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு போவாள். அவள் ஒப்பாரியை எடுத்துக் கொடுக்க, மற்றப் பெண்கள் கடைசி அடியைத் திருப்பிச் சொல்வார்கள். செத்தவர் எதற்கு ஆசைப்பட்டார், யாரோடு சண்டை போட்டார், எல்லாம் அதில் வந்துவிடும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1971இல் வேதாசலம் வாத்தியார் ஊர் வரலாறு எழுத வீடு வீடாக வந்தார். பூவம்மாள் பெரிய கிணற்றைப் பற்றிச் சொன்னாள். மணியக்காரர் சடகோபன் அதை வெட்டியபோது அவளுக்கு எட்டு வயது. மண் சரிந்து மூன்று பேர் உள்ளே போனார்கள். சுப்பன், வேடியப்பன், தங்கவேல். சுப்பன் அவளைப் பெற்றவன். உடல்களை எடுக்கவில்லை. குழியை மூடிவிட்டுப் பத்தடி தள்ளி மறுபடி வெட்டினார்கள்.

புத்தகம் வந்தது. டீக்கடை ஆறுமுகம் படித்துக் காட்டினான். 'ஒருவருக்கும் ஒரு கீறலும் இன்றி மணியக்காரர் இக்கிணற்றை வெட்டுவித்தார்.'

அன்றே வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எங்கப்பன் பேரு எங்க சார்?"

"ஆதாரம் வேணும்மா. வாயால சொன்னதை மட்டும் வெச்சு எப்படிப் போடறது? மணியக்காரர் பார்த்துட்டுதான் அச்சுக்கே போச்சு."

"கெணத்துலேந்து பத்தடி தள்ளித் தோண்டிப் பாரு. ஆதாரம் அங்க படுத்துகினு கீது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்று வருடம் கழித்து மணியக்காரர் செத்தார். அவர் மகள் சுலோச்சனா பூவம்மாளுக்கு ஆள் அனுப்பினாள்.

"போவாதடி," என்றாள் பக்கத்து வீட்டு கௌரியம்மாள். "போனா வாய வெச்சுகினு சும்மா இருக்க மாட்டே."

"ஆங். அதுக்குத்தான் போறேன்."

எங்கள் பக்கத்தில் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் செத்தவருக்கு வாய்க்கரிசி இறங்காது என்பார்கள். கூலிக்காரப் பெண்கள் தெருவில் வட்டம் கட்டினார்கள். பூவம்மாள் முதலில் அவர் குதிரை வண்டியைப் பாடினாள், வெள்ளை வேட்டியைப் பாடினாள். பிறகு கிணற்றுக்கு வந்தாள்.

"கெணறு வெட்டிப் பேரெடுத்த எங்க ஐயாவே
மண்ணுக்குள்ள மூணு பேரு காத்திருக்காங்க
சுப்பன் நிப்பான், வேடியப்பன் தங்கவேலு
போற எடத்துல பேர் சொல்லிக் கூப்பிடய்யா!"

மணியக்காரர் மகன் பந்தலிலிருந்து பாய்ந்து வந்தான். "வாய மூடுடி!"

"நிறுத்தாதே அண்ணா," என்றாள் சுலோச்சனா. "அப்பாவுக்கு இன்னும் வாய்க்கரிசி போடல."

அவன் நின்றான். வட்டத்தில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். கௌரியம்மாளும் இருந்தாள். மார்பில் அறைந்துகொண்டு கடைசி அடியைத் திருப்பிச் சொன்னார்கள். பூவம்மாள் மறுபடி மூன்று பெயர்களையும் எடுத்தாள். பாடை சுடுகாட்டுக்குப் புறப்படும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் ஒவ்வொரு சாவிலும் அந்த மூன்று பெயர்கள் வந்தன. பூவம்மாள் காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் கௌரியம்மாள் சொன்னாள்.

வாத்தியார் ஒரு நாள் நோட்டோடு கழனிக்கே வந்துவிட்டார். வரப்பில் நின்றார்.

"அடுத்த பதிப்புல சேர்க்கலாம்னு இருக்கேன். ஒரு தடவை நிதானமா சொல்லு."

பூவம்மாள் நிமிரவில்லை. கை நட்டுக்கொண்டே இருந்தது.

"போட்டா போடு, போடாட்டிப் போ. இந்த ஊர்ல இன்னும் எத்தினி சாவு விழுதோ அத்தினி தபா சொல்லுவேன். உங்க வீட்டுக்கும் வருவேன் சார். அப்போ நல்லாக் கேட்டுக்க."