அக்கா வாங்கிய சீப்பு

எங்கள் வீட்டுப் பரணில் நாலடி நீளத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி ஏழு வருடமாகக் கிடந்தது. ஓணத்துக்கு வீட்டை ஒதுக்கும்போதெல்லாம் மனைவி அதைக் கீழே இறக்கி, தூரப் போடலாமா என்று கேட்பாள். ஆபீஸ் சாமான், இருக்கட்டும் என்பேன். பெட்டியின் மேல் கறுப்பு மையில், கரும்பலகையில் எழுதுவதுபோல் பெரிய எழுத்தில், ‘சீப்பு’ என்று எழுதியிருக்கும். நாலடிப் பெட்டியில் அப்படி என்ன சீப்பு என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருப்பேனோ என்னவோ. எழுத்து என் அக்காவுடையது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தியவள். வீட்டில் உப்பு டப்பாவின் மேலும் உப்பு என்று எழுதி ஒட்டினால்தான் அவளுக்குச் சமாதானம்.

அக்கா கார் ஓட்டக் கற்றது ஐம்பத்திரண்டாவது வயதில். அத்தான் இறந்து ஒரு வருடம் அவருடைய வெள்ளைக் கார் ஷெட்டில் தூசி பிடித்து நின்றது. விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். எச் வடிவத்தில் ஓட்டிக்காட்டும் லைசென்ஸ் தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பியைத் தட்டி மூன்று முறை தோற்றாள். ஒவ்வொரு முறையும் மைதானத்துக்கு வெளியே நான்தான் காத்து நின்றேன். எரிச்சலாக இருக்கும். நான் மோட்டார் இன்ஷுரன்ஸ் சர்வேயர். நொறுங்கின வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எல்லா வண்டியும் என்றைக்காவது நொறுங்கத்தான் போகிறது என்ற நினைப்பிலேயே இருக்கிறவன். நாலாவது தடவை ஜெயித்துவிட்டு வந்தவள், "இனி ஊருல நான் போகாத இடம் இருக்கப்படாது, கேட்டியா" என்றாள். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். அதை அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிதானம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இந்த ஊரில் ஹாரன் அடிக்க அது ஒன்று போதும். ஆரியசாலைக் கடைத்தெருவில் முன்னால் லாரியில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார்கள், வண்டி எங்கேயும் நகர முடியாது, அது தெரிந்தே பின்னால் இருக்கிறவன் ஹாரனில் கையை வைத்து அழுத்துவான். ஓட்டுவது நரைத்த தலை, அதுவும் பொம்பிளை என்று கண்ணாடி வழியாகத் தெரிந்துவிட்டால் கையை எடுக்கவே மாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்குப் போனோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் ஒரு சிவப்புக் கார் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஐந்து வளைவு வரைக்கும் ஹாரன். அக்கா செகண்ட் கியரில், செய்யவேண்டியதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள். கடைசியில் முந்திப் போகும்போது ஒரு பையன் ஜன்னலில் தலையை நீட்டி, "அம்மச்சி, வீட்டில இருந்தூடே?" என்று கத்தினான். வீட்டிலேயே கிடக்கக்கூடாதா என்று அர்த்தம். நான் அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்காவிடம்தான் சொன்னேன்: "ஓரமா விட்டிருக்கலாம்லா?" அவள் அடுத்த வளைவுக்கு ஸ்டீயரிங்கை ஒடித்தாள்.

திரும்பும் வழியில் கல்லாற்றில் டீ குடிக்க நிறுத்தினோம். அந்தச் சிவப்புக் காரும் அங்கே நின்றிருந்தது. அக்கா டீ கிளாஸோடு அதன் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். பம்பருக்குக் கீழே கறுப்பாக, பல் பல்லாக ஒரு துண்டு.

"இது என்னடே, சீப்பு மாதிரி?"

அதற்கு டிஃப்யூசர் என்று பெயர், வண்டிக்கு அடியில் போகும் காற்றைச் சீராக வெளியே விடுவது, ரேஸ் காருக்கு வேண்டியது, இவன் வைத்திருப்பது வெறும் ஷோ என்று விளக்கினேன். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எனக்க வண்டிக்கு இது வாங்கணும்" என்றாள். நான் சிரித்தேன். நாற்பதில் போகிற வண்டிக்கு இது எதற்கு, காற்று என்ன செய்துவிடப்போகிறது என்றேன்.

"காத்து எனக்குத் தெரியாதாடே? முப்பது வருஷம் நடத்தினவளாக்கும். இது காத்துக்கு இல்ல, ஹாரன் அடிக்கவனுக்கு. பின்னாடி இதப் பாத்தா உள்ள எவனோ சின்னப் பய இருக்கான்னு நெனப்பான். கொஞ்சம் பயப்படுவான்லா."

மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வீட்டு கேட்டுத் தூணில் இடித்துப் பின்பம்பர் விரிசல் விட்டது. எப்படியும் மாற்றவேண்டும். நான் கிளெய்முக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் தன் மகளிடம் சொல்லி, வண்டியின் மாடலைக் கொடுத்து, டிஃப்யூசரை ஆன்லைனில் வரவழைத்துவிட்டாள். ஒர்க்‌ஷாப்பில் வேறு சாமானோடு கலந்துவிடக்கூடாது என்று பெட்டியின் மேல் எழுதியும் வைத்திருந்தாள். "நீயே கொண்டு குடுத்துரு, உனக்குத் தெரிஞ்ச ஆளுல்லா" என்று என் வண்டியில் ஏற்றிவிட்டாள்.

ஒர்க்‌ஷாப்காரர் மார்த்தாண்டத்துக்காரர், இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆனவர். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த நம்பரைப் பார்த்ததுமே, "கறெக்டா இருக்கும் சாரே" என்றார். வேண்டாம், இந்த மாடலுக்கு வராது என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். பம்பரில் துளை போடவேண்டியிருக்கும், இன்ஷுரன்ஸில் சிக்கல், செக்கிங்கில் பிடித்தால் அபராதம் என்று அடுக்கினேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் என் காரணம் அதில் ஒன்றுமில்லை. அந்த ஒர்க்‌ஷாப்புக்கு எங்கள் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் வருவார்கள். சர்வேயர் சாரின் அக்கா வண்டி என்று அவர்கள் சுற்றி நின்று சிரிப்பதை நினைத்தே எனக்கு உடம்பு கூசியது.

"டீச்சர் ஆசப்பட்டு வாங்கினதல்லே" என்றார் அவர்.

"சொன்னதச் செய்யுங்க."

வண்டி எடுக்கப் போன அன்று அவர் என் முகத்தைப் பார்க்காமல், "மாடல் மாறிப் போச்சு டீச்சரே, இதுக்கு வராது" என்றார். அக்கா, "ஓ" என்றாள். குனிந்து புதுப் பம்பரின் அடியில், சீப்பு இருக்கவேண்டிய இடத்தில், ஒரு விரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவினாள். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று சொல்லி, என் பணத்தையே அவளிடம் கொடுத்தேன். எவ்வளவு சாமர்த்தியம்.

பிறகு ஒரு வருடம் ஓட்டினாள். ஒருநாள் ஏற்றத்தில் சிக்னலில் வண்டி நின்றுபோய், மறுபடி ஸ்டார்ட் ஆவதற்குள் பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் சேர்ந்து அடித்த ஹாரனில் அவளால் சாவியைத் திருப்பவே முடியவில்லை. யாரோ ஒருவர் இறங்கி வந்து வண்டியை ஓரம் கட்டிக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து சாவியை என் முன்னால் வைத்து, "போதும்டே" என்றாள். நான் தடுக்கவில்லை. நல்ல விலைக்கு விற்றுக்கூடக் கொடுத்தேன். அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் இருந்திருந்தால் ஒரு ஹாரனாவது குறைந்திருக்குமா? குறைந்திருக்காது என்று ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாயிற்று. அது எனக்கு எப்படித் தெரியும்? மாட்டிப் பார்க்கவே விடவில்லையே.

போன வாரம் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார். அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இது நம்ம வண்டி மாடல்லாடே? சீப்பு வச்சிருக்கானே."

"இது புது மாடல்க்கா" என்றேன். பழைய மாடல்தான். வருடம்கூடச் சொல்லமுடியும் எனக்கு. அதுதானே என் வேலை. அதே பொய்யை இரண்டாவது தடவை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் என்ற கோபத்தில் சிக்னல் மாறியதை நான் கவனிக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டித் திரும்பி, "போவான்டே, எனக்க தம்பி போவான். ஒரு நிமிஷம் பொறுக்க முடியாதா உனக்கு?" என்றாள். ஹாரன் நின்றது. பொன்முடி வளைவில் அவளுக்காக என் வாயிலிருந்து வராதது அது.

நேற்றுக் காலையில் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கி, அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் நின்று தன் எழுத்தைத் தானே படித்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதையும் சேர்த்து. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"திறடே, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றாள்.

ஏழு வருடத்தில் டேப் பிசின்போல் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டித்தான் பிரித்தேன். ஒரு கீறல் இல்லாமல் கறுப்பாக மின்னியது. அக்கா அதை மடியில் வைத்து, பல் பல்லாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு விரலால் தடவினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து, "வண்டியத்தான் வித்தாச்சே" என்றாள்.