ஒட்டிய பானை

தெப்ராவ் ஆற்றங்கரையில் ரப்பர்க் கன்று நட மண்ணை வெட்டியபோது பழங்காலத்துப் பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றை ஆராய ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து கொட்டகை போட்டார். ஓடுகளைக் கழுவி, விளிம்பு வேறு, அடிப்பாகம் வேறு என்று பிரித்து ஒட்ட ஆள் கேட்டார். எஸ்டேட்டில் யாரும் போகவில்லை. நான் போனேன்.

நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் முழுக்கப் புகைச்சல். எங்கள் சனங்கள் சுடுகாட்டில் பானையை உடைத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அந்த ஓடுகளை யாரும் தொடமாட்டார்கள். நானோ எந்தக் காலத்திலோ செத்தவர்களின் ஓடுகளைத் தொட்டு ஒட்டவும் செய்தேன்.

குழாயடியில் கங்காணியின் மனைவி என் வாளியை ஓரமாகத் தள்ளினாள்.

"தாலி அறுத்தவ நீ. ஒடஞ்ச பானைய ஒட்டினா வீட்டுல இன்னொரு சாவு விழும், தெரியுமா?"

"எங்க வீட்டுல இருக்கிறது நான் ஒருத்திதான் அக்கா. செத்தா நான்தானே சாவேன்? நீங்க ஏன் பயப்படுறீங்க?"

வாளியை மறுபடி குழாய்க்கு நேராக வைத்தேன்.

என் புருஷனுக்காக உடைத்த பானையை நான் பார்க்கவில்லை. பொம்பளை என்று சுடுகாட்டுக்கு விடவில்லை. வளையலை உடைத்து மூலையில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் என்னை அழைத்ததில்லை. என்னிடம் பிடுங்க இனி என்ன இருக்கிறது?

கயிற்றுத் தடம் பதிந்த ஒரு கறுப்புப் பானையை அடியிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தேன். கழுத்தில் கடைசி ஓடு பொருந்தியதும், பெண்கள் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகும் பாதையோரம் அதைக் கொண்டுபோய் வைத்தேன்.

சுடுகாட்டிலிருந்து வருகிறவர்களைப் போல அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். நான் நின்று பானையைக் கண்ணாரப் பார்த்தேன்.