தடைக்காலத்தில் ஓர் அர்ரே வகுப்பு

புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும் வேலையில், நமக்கு எப்போதோ பழகிப்போனதை, பழகாதவர் கண்ணால் தினமும் ஒருமுறை பார்த்தாக வேண்டும். எண்களை வரிசையாக அடுக்கிவைக்கும் அர்ரே பாடத்தை நடத்தி நொந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நாகூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு வருஷமாக அதைத்தான் நடத்துகிறேன்.

பூஜ்யம்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரம் மலர்விழி அக்கா வந்து சேர்ந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்தவர்; பிறகு பத்து வருஷம் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவர். நாகப்பட்டினத்தில் ஒரு சின்ன கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள். தேர்வில் அர்ரே கணக்கு வரும். படகுகள் மறுபடி கிளம்பிவிட்டால் அக்கா கூடையைத் தூக்கியாக வேண்டும். அதற்குள் படித்து முடிக்க வேண்டும்.

முதல் நாள் ஐந்து எண்களை அச்சிடச் சொன்னேன். இடங்களை ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி ஓட்டினார். முதல் எண் விட்டுப்போனது, கடைசியில் எர்ரர். இடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "அஞ்சு பேரு நிக்கிறாங்க, அஞ்சாம் நம்பர் யாருக்கும் கிடையாது. டிப்ளமோவுலயும் இப்படித்தான் சொன்னாங்க மிஸ், அப்பவும் எனக்குப் புரியல."

தலைகீழ்

வரிசையைத் தலைகீழாக்கும் கணக்கு. முதல் எண்ணும் கடைசி எண்ணும் இடம் மாற வேண்டும், இரண்டாவதும் அதற்கு எதிரே இருப்பதும், இப்படியே. அக்கா ஓட்டினார். எண்கள் பழையபடியே வந்தன. மூன்று முறை ஓட்டியும் அதேதான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எழுந்து டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "பாதியில நின்னிருக்கணும் மிஸ். மீதி தூரம் போயி, மாத்தினதையே திரும்ப மாத்தியிருக்கேன்."

பெரிய எண்

இது என் தப்பு. வரிசையில் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க, 'முதலில் பெரியது பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் ஆறு வருஷமாகச் சொல்லி வந்தேன். அக்கா எல்லாமே மைனஸ் எண்களாகக் கொடுத்துப் பார்த்தார். பூஜ்யம் என்று விடை வந்தது. அதுவரை என்னிடம் படித்துப் போனவர்களின் முகமெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "வரிசையிலேயே இல்லாத ஆளு எப்படி மிஸ் முதல்ல வந்தாரு?"

பத்து வருஷம்

தடைக்காலம் முடிந்தது. அவர் வீட்டுக்காரர் படகேறிவிட்டார். மூன்றாம் நாள் தேர்வு. சாயந்திரம் அக்கா நேராக சென்டருக்கே வந்தார். கணக்கைப் போட்டுவிட்டாராம். பிறகு, பத்து வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என்ன சொன்னீர்கள் என்றேன். கைப்பையிலிருந்து வேலைக்கான கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "மீன் வித்தேன்னு சொன்னேன் மிஸ். கெட்டுப்போனதை ஒரு நாளும் தெரியாம வாங்கினதில்ல, தெரிஞ்சு வித்ததில்லன்னும் சொன்னேன்."

நன்றாகப் படிப்பவர் சீக்கிரம் நம்மை விட்டுப் போய்விடுவார், அதற்காகத்தான் நமக்குச் சம்பளம் என்று மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.